குற்றமும் கடனும்

1998ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த என் மாமா, பழனி சாலையில் ஒரு சைக்கிள் மீது மோதினார். மாமா என்றால் அத்தையின் கணவர். சைக்கிளில் வந்தவர் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். மாமா மறுநாள் மதியம் வரை உயிரோடு இருந்தார். மாமா குடித்திருந்தார். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. துக்க வீட்டில் இரண்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்று, "விதி முடிஞ்சிருச்சு." இன்னொன்று, "அந்த ஆளு சைக்கிள்ல லைட்டு இல்லையாம்." முதல் வாக்கியம் மாமாவுக்காகச் சொல்லப்பட்டது. இரண்டாவதும் அவருக்காகத்தான். அத்தை மூலையில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போட்டு அழவில்லை. அதிர்ச்சி என்று நினைத்தோம். பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் அவராகவே சொன்னார்: "அழக்கூடப் பயமா இருந்துச்சு தாயி. அந்தப் பொம்பளைக்குக் கேட்டுருமோன்னு."

இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது. செய்தவன் ஒருவன். அஞ்சியவள் இன்னொருத்தி. இது எப்படி நடக்கிறது?

முதலில் மொழியைப் பார்க்கிறேன். தமிழ் கற்பிப்பவளுக்கு அதுதான் பழக்கம். நம் செய்தித்தாள்களில் 'லாரி மோதி இருவர் பலி' என்று வரும். அந்த வாக்கியத்தில் மோதுவது லாரி. ஓட்டியவர் எழுவாய் இடத்தில் இல்லை. 'பலி' என்பது தெய்வத்துக்குக் கொடுப்பது. இங்கே வாங்கிக்கொண்ட தெய்வம் எது என்று யாரும் கேட்பதில்லை. 'விபத்து' என்ற சொல்லும் அப்படித்தான். இடி விழுவதும் விபத்து, ஒருவர் நான்கு மணிநேரம் குடித்துவிட்டுச் சாவியைத் திருகியதால் நடந்ததும் விபத்து. செய்தவரை மறைத்துவிட்டு நடந்ததை மட்டும் சொல்லும் இந்த இலக்கணம் பெண்களுக்குப் புதிதல்ல. 'அவளுக்கு அடி பட்டது' என்று எத்தனை வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

எண்களிலும் இந்த மறைப்பு உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. இறந்தவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் ஆண்கள். குடி, போதைப்பொருள் என்ற தலைப்பின் கீழ் வருவதோ நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் 'அதிவேகம்' என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறது. வேகத்துக்கும் குடிக்கும் தொடர்பே இல்லாததுபோல் ஒரு சாவுக்கு ஒரு காரணம் எழுதப்படுகிறது. என் மாமாவின் சாவு எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டதோ எனக்குத் தெரியாது. குடும்பமே சொல்லாததை எந்தப் பதிவேடு சொல்லியிருக்கும்?

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு நண்பரின் புதுமனைப் புகுவிழா விருந்து. என் கணவர் மாடியில் நண்பர்களோடு இருந்தார். இறங்கி வந்தபோது கண்களைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. மணி பத்தரை. ஐந்து வயது மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "போலாமா?" என்றார். வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். என் கைப்பையில் பணம் இருந்தது. கைபேசி இருந்தது. தெருமுனையில் ஆட்டோ நிறுத்தம் இருந்தது. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மகளை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துப் புடவை முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பதினோரு கிலோமீட்டர். வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் தோசை வார்த்தேன், கல்லூரிக்குப் போனேன். எதுவும் நடக்கவில்லை.

எதுவும் நடக்கவில்லை என்பதால் யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. அன்று எங்கள் பாதையில் விளக்கில்லாத சைக்கிள் வரவில்லை. என் கணவருக்கும் என் மாமாவுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அந்தச் சைக்கிள் மட்டும்தான்.

இதைத் தத்துவத் துறையினர் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இருவர் 'அறம் சார்ந்த அதிர்ஷ்டம்' என்ற கருத்தை விவாதத்துக்கு வைத்தார்கள். நேகல் எடுத்துக்காட்டுகளில் ஒன்று குடித்துவிட்டு ஓட்டுபவன். வண்டி நடைபாதையில் ஏறுகிறது. அங்கே ஆள் இல்லையென்றால் அவன் அதிர்ஷ்டசாலி. ஆள் இருந்தால் கொலையாளி. அவன் கையில் இருந்தது இரண்டு இடத்திலும் ஒன்றே. தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக ஒருவரைக் கூடுதலாகக் குற்றம் சொல்லலாமா என்பது கேள்வி. மனத்தின் முடிவை மட்டும் எடைபோட வேண்டும் என்றால், என் கணவரும் மாமாவும் சமம். விளைவையும் எடைபோட வேண்டும் என்றால், ஓர் உயிரின் எடை மாமாவின் தட்டில் மட்டும் விழும்.

இந்தக் கேள்வியை வகுப்பறையில் நிறுத்திவிடலாம். என்னால் முடியவில்லை, ஏனென்றால் எனக்கு அந்த இரண்டு தட்டுகளையும் தெரியும். நெடுநாள் யோசித்தபின் நான் வந்து சேர்ந்தது இது: குற்றம் வேறு, கடன் வேறு. சாவியைத் திருகும் அந்தக் கணத்தில் குற்றம் முழுமையாகிவிடுகிறது. வீடு போய்ச் சேர்வதால் அது குறைவதில்லை, மோதுவதால் கூடுவதுமில்லை. ஆனால் ஓர் உயிர் போனால் அங்கே ஒரு கடன் பிறக்கிறது. இறந்தவருக்கு, அவர் மனைவிக்கு, பிள்ளைகளுக்குத் தீர்க்க வேண்டிய கடன். குற்றத்தில் என் கணவரும் மாமாவும் சமம். கடன் மாமாவுடையது மட்டும்.

ஆனால் மாமா இறந்துவிட்டார். கடன் யாருக்குப் போனது?

வண்டிக்கு இன்சூரன்ஸ் மூன்று மாதத்துக்கு முன்பே காலாவதியாகி இருந்தது. இறந்தவரின் மனைவி திண்டுக்கல்லில் இழப்பீட்டு வழக்குப் போட்டார். வண்டி உரிமையாளர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பு. ஆக, மனுதாரர் ஒரு விதவை. எதிர்மனுதாரர் இன்னொரு விதவை. இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வராந்தாவில், ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பேசக் கூடாது என்று வக்கீல்கள் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது வாய்தாவில் அத்தை எழுந்து போய்ப் பேசினார். ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது, விற்றுத் தந்துவிடுகிறேன் என்றார். அந்த அக்கா சொன்ன பதிலை அத்தை இன்றும் எழுத்துப் பிசகாமல் சொல்வார்: "உங்ககிட்ட வாங்க எனக்குக் கையே வரல. வாங்காம இருக்க எனக்கு வழியில்ல."

நிலம் விற்கப்பட்டது. அதை வாங்கியவர் மாமாவோடு அன்று ஒரே மேசையில் குடித்தவர்.

குற்றம் செய்யாதவளிடம் கடன் மட்டும் வந்து சேர்வதை ஏதோ எங்கள் வீட்டுத் துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். அது ஓர் ஏற்பாடு என்று பிறகுதான் புரிந்தது. இன்று வண்டி உரிமையாளருக்கென்று தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அதன் நிபந்தனைகளில் ஒன்று, மது அல்லது போதையின் பிடியில் நேர்ந்த சாவுக்குப் பணம் கிடையாது என்பது. காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் போய்ச்சேர வேண்டியது இறந்தவனிடம் அல்ல, அவன் வீட்டில் இருப்பவளிடம். தண்டனை அவளுக்கு. அவன் குடித்த பாட்டிலின் மீதான வரி மட்டும் அதற்கு முன்பே, எந்த நிபந்தனையும் இல்லாமல், வசூலாகிவிட்டது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்தான். கடையை ஒட்டி பார். பாருக்கு முன்னால் வரிசையாக இரு சக்கர வாகனங்கள். அவை எப்படித் திரும்பிப் போகும் என்று விற்பவர்க்குத் தெரியாதா? குற்றத்தில் பங்கு என்று ஒன்று இருந்தால், தெரிந்தே லாபம் பார்ப்பவரை விட்டுவிட்டு அதைக் கணக்கிட முடியாது.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நெடுஞ்சாலையின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. அடுத்த ஆண்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடப்பட்ட கடைகளுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஊருக்குள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பெண்கள் தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில் தேடினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராகச் சாலையில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரைக் காவல்துறை உயரதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்தார். காணொளியில் நாடே பார்த்தது. சாலையில் இருந்த ஆபத்தை அகற்றுகிறோம் என்று அதை வீட்டு வாசலுக்குத் தள்ளிவைத்தார்கள். வேண்டாம் என்றவளுக்கு அறை. மறுபடியும் அதே கணக்குதான்: முடிவு ஒருவருடையது, கடன் இன்னொருத்தியுடையது.

நான் மதுவிலக்குக் கட்சி அல்ல. அதியமான் தனக்குக் கிடைத்த கள்ளைத் தன்னோடு பகிர்ந்து உண்டதை நினைத்து ஔவையார் அழுத புறநானூற்றுப் பாட்டை ஒவ்வோர் ஆண்டும் பாடம் நடத்துகிறேன். ஒரு பெண் கவி கள்ளுண்டதைச் சொல்லும்போது மாணவிகள் முகத்தில் வரும் வியப்பு எனக்குப் பிடிக்கும். குறளோ 'கள்ளுண்ணாமை'யை 93ஆவது அதிகாரமாக வைக்கிறது. அதற்கு முன்னால் பெண்வழிச் சேறல், வரைவின் மகளிர். பின்னால் சூது. ஆண் விலக்க வேண்டியவற்றின் பட்டியலில் கள்ளுக்கும் சூதுக்கும் பக்கத்தில் நாமும் நிற்கிறோம். இந்த ஒழுக்கப் பார்வையில் குடி என்பது குடிப்பவனின் மானம் சம்பந்தப்பட்டது. அவன் எதிரே வருகிறவனின் உயிர் அங்கே கேள்வியாகவில்லை. என் கேள்வி அதற்கு நேர்மாறானது. எனக்குக் குடி கேள்வி அல்ல. சாவிதான் கேள்வி.

"போதையில தெரியாம செஞ்சுட்டான்" என்பார்கள். இந்த வாக்கியத்தை நாம் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம். மனைவியின் மண்டையை உடைத்தவனுக்காக அவன் அம்மா சொல்லும் வாக்கியம் அது. குடித்தவனுக்கு எதுவும் தெரியாது என்றால், மேலதிகாரியை ஏன் அவன் அடிப்பதில்லை? சாலையில் தூரத்தில் போலீஸ் நிற்பது தெரிந்து சந்துக்குள் வண்டியைத் திருப்புகிறவனுக்குச் சைக்கிள் மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது? தன் விருப்பத்தோடு ஏற்றிக்கொண்ட போதை குற்றத்துக்குச் சாக்காகாது என்பதுதான் நம் சட்டத்தின் நிலையும்.

ஆனால் இதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறுக்காமல் எதிர்கொள்ள வேண்டும். மது முதலில் தாக்குவது காலை அல்ல, மதிப்பிடும் அறிவை. தள்ளாடுவதற்கு நெடுநேரம் முன்பே, 'எனக்கு ஒண்ணுமில்ல, ஓட்டுவேன்' என்ற தைரியம் வந்துவிடும். கண்ணும் கையும் மெதுவாகிவிட்டதை அளக்க வேண்டிய கருவிதான் முதலில் பழுதாகிறது. அதனால்தான் சட்டம் தள்ளாட்டத்தைக் கேட்பதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு. மற்ற போதைப்பொருள்களுக்கும் அதே பிரிவு பொருந்தும். ஆனால் காவலர் ஊதச் சொல்லும் கருவி ஆல்கஹாலை மட்டும்தான் காட்டும். கஞ்சாவையும் மாத்திரையையும் அது காட்டாது.

அப்படியானால் பொறுப்பு எந்தக் கணத்தில் இருக்கிறது? குடித்தபின் அல்ல. முதல் மடக்குக்கு முன்னால். விருந்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, திரும்பி வருவது எப்படி என்று யோசிக்காமல் விட்ட அந்தத் தெளிந்த மாலையில். 'தெரியாமல்' என்பது இரவு பத்தரை மணிக்கு உண்மையாக இருக்கலாம். மாலை ஆறு மணிக்கு அது பொய்.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைத் தொட்டிருக்கின்றன. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில், குடித்துவிட்டுக் கார் ஓட்டிய அலிஸ்டர் பெரைரா, நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது ஏற்றியதில் ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்று கொண்டு ஆறு மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம், சாவு நேரலாம் என்று அறிந்தே செய்தது என்று கொண்டு மூன்று ஆண்டாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டு போதுமா என்ற கேள்வி இருக்கட்டும். 'கவனக்குறைவு' என்ற சொல்லிலிருந்து 'அறிந்தே' என்ற சொல்லுக்கு நகர்ந்ததுதான் எனக்கு முக்கியம்.

'அறிந்தே' என்ற சொல் என்னிடமும் வருகிறது. அன்றிரவு நானும் அறிந்தே ஏறினேன்.

பின்னிருக்கையில் இருப்பவளின் பொறுப்பைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் நம் ஊரில் இது எளிதில் "நீ ஏன் அவனை விட்ட?" என்று மாறிவிடும். என் அத்தையிடம் கேட்டார்கள். கூடப் போயிருந்தால் தடுத்திருக்கலாமே என்றார்கள். வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள், அண்ணனிடமிருந்து சாவியைப் பிடுங்கியதற்கு அறை வாங்கினாளாம். ஆண்களின் அறத்துக்குக் காவல் வைக்கப்பட்டவர்கள் அல்ல பெண்கள். அந்த வேலையை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஆனாலும் எல்லாப் பின்னிருக்கையும் ஒன்றல்ல. கையில் காசில்லாமல், கடைசிப் பேருந்தும் போய்விட்ட ஊரில், ஏறாவிட்டால் அடி விழும் என்று தெரிந்து ஏறுகிறவளிடம் எந்தக் கேள்வியும் இல்லை. என்னிடம் வேறு வழிகள் இருந்தன. மாதச் சம்பளம், கைபேசி, ஆட்டோ. அவர் என்னை அடிக்கிறவரும் அல்ல. பிறகு ஏன் ஏறினேன்? வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் 'நீங்க குடிச்சிருக்கீங்க, நான் வரல' என்று சொல்வது அவருக்கு அவமானம். அந்த அவமானத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு தட்டில் ஓர் ஆணின் கௌரவம். இன்னொரு தட்டில் தூங்கும் என் மகளின் தலையும், எதிரே வரக்கூடிய முகம் தெரியாத ஒருவரின் உயிரும். நான் எடைபோட்டேன். கௌரவம் கனத்தது. பெண்ணியம் பேசும் கவிதைத் தொகுப்பு ஒன்று வெளியான ஆண்டு அது.

ஒருவரின் பொறுப்பு, அவருக்குத் திறந்திருந்த கதவின் அகலம்தான் என்று இப்போது நினைக்கிறேன். என் கதவு அகலமாகவே இருந்தது. அவரைத் தடுத்து நிறுத்துவது என் கடமையாக இல்லாமல் இருக்கலாம். மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறுவது என் கடமை. 'இப்படி ஓட்டினால் யாரோ சாகலாம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்வதும். கேட்பதும் கேட்காததும் அவர் கணக்கு. சொல்லாதது என் கணக்கு.

அதற்குப் பிறகு நான் ஏறுவதில்லை. முதல்முறை சொன்னபோது இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது விருந்துக்குப் போகும்போதே வண்டி எடுப்பதா வேண்டாமா என்று அவரே கேட்கிறார். திருந்திய கணவர் கதை என்று இதைச் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்குக் கேட்க வேண்டிய கேள்வியை மாலை ஆறு மணிக்குக் கேட்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அத்தைக்கு இப்போது எழுபத்துமூன்று வயது. மாமாவின் திதியன்று படையல் போடுவார். இரண்டு இலை. யாரும் கேட்பதில்லை. இரண்டாவது இலை யாருக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மகளுக்குப் பதினேழு வயதாகிறது. போன மாதம் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவள், ஏதோ நினைவு வந்து கேட்டாள். "சின்ன வயசுல ஒரு நாள் ராத்திரி நடுவுல உட்கார்ந்து வந்தேன்ல, உன் சேலைக்குள்ள. அப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?"

ஆமாம் என்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.